எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

முகாம்
ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

முழுசாக வந்து சேர்ந்தேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் இருமலுக்கு மருந்து குடிக்கிறானா, இல்லை, வழக்கம்போல் பாட்டிலைப் பார்த்தே குணமாகிறானா?

இங்கே மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்கள். எனக்குக் கிடங்கு வேலை. தொப்பி, பூட்ஸ், கையுறை எல்லாம் எடுத்துக்கொடுத்து எழுதி வைக்க வேண்டும். தகரக் கூரை அறை, ஒரு நர்ஸோடு பங்கு. பகலில் அவள் வாயே திறப்பதில்லை, தூக்கத்தில் மட்டும் ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிறாள். செல்போன் சுத்தமாக எடுக்காது. கையில் வைத்துக்கொண்டு மணி பார்க்கலாம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காய்கறி லாரி வரும், அதோடு தபால் பையும் வரும். அதனால் இந்தக் காலத்திலும் உங்களுக்குக் கடுதாசி போடுகிற நாத்தனார் வாய்த்திருக்கிறாள், அனுபவியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சலவைக்கடையின் இணையப் பக்கத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று வருஷம் வளர்த்தது அண்ணி. நான் கிளம்பிய அன்று நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில் கண்ணாடிச் சுவரோடு அந்தப் பெரிய சலவைக்கடை, நம் தெருவின் ‘கண்ணாடிக்கடை’, வந்த பிறகு நம்மிடம் மிச்சம் இருப்பது அந்த நாலாயிரம் பேர்தான். அவர்களை விட்டுவிட்டால் அதோகதி. தினமும் ஏதாவது போடுங்கள். ஆனால் தினமும் ‘வாருங்கள் வாருங்கள்’ என்று கூப்பிடாதீர்கள், பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். எழுதுகிறவர்களுக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். திட்டி எழுதினால் அழிக்க வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம்.

மூன்று பேர் சாப்பிட அந்தக் கடை போதவில்லை என்றுதானே நான் இங்கே வந்தேன். ஒரு வருஷத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடை நிமிர்ந்தால் ஓடி வந்துவிடுவேன். உலகத்தில் நாத்தனார் எப்போது கிளம்புவாள் என்று நாள் பார்க்கிற அண்ணிகள் உண்டு. நீங்களோ பஸ் ஏற்றிவிட்டு அழுதீர்கள். கண்டக்டர் என்னிடம், “அம்மாவா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு வயதைக் கூட்டியதற்கு மன்னிக்கவும்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மறக்காமல் எழுதவும்.

பிரியமுள்ள,
வாண்டு

&nbsp;

கடை
ஜூன் 19

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டி அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் அண்ணன் மருந்து குடிக்கிறார், நான் பக்கத்தில் நின்றால். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. இளைத்துப்போய் வந்தாயானால் பழி என் தலையில்தான் விழும்.

கண்டக்டரைப் பற்றி எழுதியிருந்தாய். நேரில் பார்த்தால் கேட்டுக்கொள்கிறேன் அந்த ஆளை.

கடையில் வேலை இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. நேற்று மழையில் துணி காயாமல் உள்ளறையில் கயிறு கட்டிப் போட்டோம். உன் அண்ணன் வேட்டிக்குள் புகுந்து புடவை வழியாக வெளியே வந்து டீ குடிக்கப் போனார்.

பக்கம் கேட்டாய். அதற்கென்ன, நடக்கிறது. பக்கத்து மருந்துக்கடை அக்கா ஒத்தாசை செய்கிறாள். ஒரு சட்டையில் இருந்த மெழுகை, மேலே காகிதம் வைத்து இஸ்திரி போட்டு எடுத்தோமே, அதைப் படம் எடுத்துப் போட்டேன். அக்கா ‘அருமை’ என்று எழுதினாள். நீ சொன்னபடி அன்றைக்கே பதில் எழுதினேன். எனக்குத் தெரிந்த எழுத்து கடுதாசி எழுத்துதானே. ‘அன்புள்ள அக்காவுக்கு, நலம், தங்கள் நலம் அறிய ஆசை. தாங்கள் அருமை என்று எழுதியது கிடைத்தது. மெழுகும் போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை. இப்படிக்கு, சலவைக்கடை’ என்று எழுதினேன். அக்கா சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தது இங்கே கேட்டது. அப்படி எழுதக் கூடாதா?

எத்தனை பேர் என்று கேட்டிருந்தாய். பார்க்கிறவர்கள் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கு, மலைக்குளிர் காதில் ஏறும்.

ஆசிகளுடன்,
அண்ணி

&nbsp;

கடை
ஜூன் 20

வாண்டு,

நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய். உன் அண்ணிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் பக்கம் போய்விட்டது. நீ போன மூன்றாம் நாள், துணிக்குக் கஞ்சி போடுவதைப் படம் எடுக்கிறேன் என்று தொட்டிமேல் குனிந்தாள். போன் கஞ்சிக்குள் விழுந்துவிட்டது. எடுத்துப் பிழிந்து உலர்த்தியும் பார்த்தாள். வேறு போன் வாங்கினோம். ‘நீ யார், உன் நம்பருக்கு எண் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்’ என்று கேட்டது. அந்த நம்பர் உன்னோடு மலைமேல் இருக்கிறது. இவள் விடுவாளா? உன் பிறந்தநாள், என் பிறந்தநாள், கடை திறந்த நாள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்தாள். யாரோ திருடன் என்று நினைத்து அது கதவைச் சாத்திவிட்டது.

ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “அவ வளத்த பிள்ளையைத் தொலைச்சுட்டேனே”ன்னு ஒரே புலம்பல். பிறகு மருந்துக்கடை அக்காவைப் பிடித்துப் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் ஏழு பேர். அதில் நான் ஒருவன், என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டாள். நீ வருவதற்குள் நாலாயிரத்தையும் திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தக் கால்தான் முட்டிவலிக் கால்.

துணி வெளுக்கிறவனுக்கு ஊர் கைத்தட்டல் எதற்கு என்று கேட்கிறவன் நான், உனக்குத் தெரியும். ஆனால் அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. திட்டாதே. தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. எனக்குப் பதில் போடுவதானால் டீக்கடை விலாசத்துக்குப் போடு.

அண்ணன்

&nbsp;

முகாம்
ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், காதையும் மூடிக்கொண்டுதான் தூங்குகிறேன். நீங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கடையில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை, கொஞ்சம் உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நர்ஸிடம் படித்துக் காட்டினேன். அண்ணன் வேட்டிக்குள் புகுந்த இடத்தில் அவள் பகலிலேயே சிரித்துவிட்டாள். முகாமே அதிசயமாகப் பார்த்தது.

அப்படி எழுதக் கூடாதா என்று கேட்டீர்களே. தாராளமாக எழுதலாம் அண்ணி. எதிர்க்கடையில் என்ன எழுதினாலும் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம் பதில் போடும். ஒருத்தர், ‘என் சட்டையைத் தொலைத்துவிட்டீர்கள்’ என்று எழுதினார், அதற்கும் நன்றி என்றுதான் வந்தது. உங்களை மாதிரி நலம் விசாரிக்க அதற்குத் தெரியுமா? பக்கம் நடத்த எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னதைத்தான் நான் உங்களுக்கு எழுதினேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் கைக்கு வருகிறபடி செய்யுங்கள்.

இன்னொன்று. கல்லாவில் நின்று துணி வாங்கும்போது கறையைப் பார்த்து, “இது எப்படி ஆச்சு?” என்று கேட்பீர்களே. எண்ணெயா மையா என்று தெரியாமல் தொட்டால் கறை ஊறி உட்கார்ந்துவிடும் என்பதற்காகக் கேட்பது. ஆனால் வருகிறவர்கள் அதற்கு எவ்வளவு பெரிய கதை சொல்வார்கள்! அதையே அங்கேயும் கேட்டுப் பாருங்களேன்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். உங்களை நினைக்காத நாளில்லை.

வாண்டு

&nbsp;

கடை
ஜூலை 30

அன்புள்ள வாண்டுக்கு,

நலம். உனக்குத் தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதில் எழுதிக் கை ஓய்ந்துபோயிற்று. உனக்கல்ல, ஊருக்கு!

நீ சொன்னபடியே கேட்டேன். ஒரு பெண்மணியின் புடவை முந்தானையில் பச்சைக் கறை. அதைப் படம் எடுத்து, ‘இது எப்படி ஆயிற்று என்று உடையவர் சொன்னால் தேவலை’ என்று போட்டேன். ‘பேரனோடு சறுக்கு மரத்தில் சறுக்கினேன், புல்லில் போய் விழுந்தேன், வீட்டில் யாருக்கும் தெரியாது’ என்று எழுதிவிட்டார். வீட்டில் உள்ளவர்களும் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. கீழே மகன், ‘அம்மா!’ என்று எழுதினான். அதற்கு மருமகள், ‘நான் அன்னிக்கே கண்டுபிடிச்சேன்’ என்று எழுதினாள். நான் நடுவில் புகுந்து, ‘அன்புள்ள குடும்பத்தாருக்கு, அம்மாவின் இடுப்பு நலமா? வினிகரில் நனைத்துக் கறையை எடுத்துவிட்டோம். அம்மாவை யாரும் திட்ட வேண்டாம். இப்படிக்கு, சலவைக்கடை’ என்று எழுதினேன். சிரிப்பாய்ச் சிரித்தது பக்கம்.

ஆனால் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டேன். ஒருத்தரின் வெள்ளைச் சட்டை காலரெல்லாம் ரோஜா நிறமாகப் போய்விட்டது. சிவப்புத் துண்டோடு சேர்த்து ஊறவைத்தது உன் அண்ணன்தான், ஆனால் அதை எழுதாதே என்கிறார். சட்டைக்காரர் பக்கத்தில் வந்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டார். அழித்துவிடலாம் என்று விரல் போனது, நீ சொன்னது ஞாபகம் வந்து எடுத்துவிட்டேன். ‘அன்புள்ள ஐயா, நாங்கள் நலம், தங்கள் சட்டை நலமில்லை. தப்பு எங்களுடையது. மறுபடி கொடுத்தால் ஆனமட்டும் பார்க்கிறோம்’ என்று எழுதினேன். கொண்டுவந்து கல்லாவில் எறிந்துவிட்டுப் போனார். மூன்று நாள் போராடி வெள்ளையாக்கினோம். ஒவ்வொரு நாளும் காலர் எப்படி இருக்கிறது என்று படம் போட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்தவரை விசாரிக்கிற மாதிரி, ‘காலர் இன்றைக்கு எப்படி?’ என்று ஆளுக்காள் கேட்டார்கள். சட்டைக்காரரே வந்து, ‘அன்புள்ள சலவைக்கடைக்கு, நலம்’ என்று தொடங்கி நன்றி எழுதினார். இப்போது எல்லோருமே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வாண்டு, நீ மட்டும் அந்த யோசனை சொல்லாவிட்டால் நான் மெழுகையே படம் எடுத்துக்கொண்டு இருந்திருப்பேன். உனக்கு நல்லதே நடக்கும்.

அண்ணி

(பின்குறிப்பு: நீ இந்தத் தடவை ஒன்று கேட்க மறந்துவிட்டாய். பரவாயில்லை.)

&nbsp;

முகாம்
ஆகஸ்ட் 15

அண்ணா,

சௌக்கியமா? இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு டீக்கடை அடுப்பிலேயே போட்டுவிடு.

போன வெள்ளிக்கிழமை லாரியில் தொற்றிக்கொண்டு கீழே டவுனுக்குப் போனேன். பெட்ரோல் பங்க் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் போனுக்கு உயிர் வந்தது. முதலில் பழைய பக்கத்தைத் திறக்க முடியுமா என்று பார்த்தேன். என் நம்பருக்கு எண் வந்தது, அதைப் போட்டும் திறக்கவில்லை. நிரந்தரமாகவே மூடிவிட்டார்களாம். பொய் சொல்வானேன், கொஞ்சம் அழுதேன்.

பிறகு அண்ணியின் பக்கத்தைப் பார்த்தேன். முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை ஒன்று விடாமல் படித்தேன். லாரிக்காரர் தக்காளி ஏற்றி முடித்து மூன்று தடவை கூப்பிட்டார். நான் மூன்று வருஷத்தில் அழகழகாகப் படம் போட்டேன் அண்ணா. பார்த்தவர்கள் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போனார்கள். அண்ணியிடம் வந்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் தன் சட்டையைப் பற்றிக் கேட்க வந்து, அண்ணிக்கு முட்டிவலி தைலம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

நானும் ஒரு வரி எழுதலாம் என்று விரல் துறுதுறுத்தது. எழுதவில்லை. நான் பார்த்தது அண்ணிக்குத் தெரியவே வேண்டாம். அண்ணி பாட்டுக்கு நடத்தட்டும். நீ அன்றைக்கு எனக்கு எழுதினாயே, அதற்கு உனக்குக் கோடி நமஸ்காரம். இல்லாவிட்டால் நான் ஒவ்வொரு கடிதத்திலும் நாலாயிரம், நாலாயிரம் என்று அண்ணியைக் குத்திக்கொண்டே இருந்திருப்பேன்.

மருந்து குடி. சிவப்புத் துண்டைத் தனியாகப் போடு.

வாண்டு

&nbsp;

முகாம்
செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் இருவர் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். தைலம் ஏதாவது தேய்த்துப் பார்த்தீர்களா முட்டிக்கு?

இங்கே ஒரு சேதி. என் வேலை பிடித்துப்போய்விட்டதாம். நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். கிடங்கு முழுக்க என் பொறுப்பாம். இந்த மலை முடிந்ததும் அடுத்த மலை, அதற்கப்புறம் இன்னொன்று. கையெழுத்துப் போட்டால் ஐந்து வருஷம் நடுவில் விடமாட்டார்கள். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் இப்போதே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள், அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். மேலதிகாரி கைகுலுக்கினார். நான் அறைக்கு வந்து, நம் இஸ்திரி மேசையின் அந்த மூலையை, என் மூலையை, நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொல்லுங்கள் அண்ணி. கடை இரண்டு பேருக்குத்தான் தாங்கும் என்றால் தயங்காமல் எழுதிவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
வாண்டு

&nbsp;

முகாம்
செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? மூன்று லாரி வந்து போய்விட்டது, உங்கள் கடிதம் இல்லை. தபால் பையை நானே கவிழ்த்துத் தேடினேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் கேட்டது தப்பென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நலம்’ என்று ஒரு வார்த்தை போதும்.

வாண்டு

&nbsp;

கடை
அக்டோபர் 1

வாண்டு,

யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே. உன் அண்ணி கல்லு மாதிரி இருக்கிறாள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ‘அன்புள்ள வாண்டுக்கு’ என்று எழுதுகிறாள். பிறகு எழுந்து போய் ஈரத் துணியைப் பிழிகிறாள். ஏற்கெனவே பிழிந்த துணியை.

கேட்டுவிட்டேன். “வான்னு சொன்னா, கிடைச்ச நல்ல வேலையை நான் கெடுத்த மாதிரி ஆகும். வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நீங்களே சொல்லுங்க” என்றாள். “கடை இப்ப கொஞ்சம் தேவலையே” என்றேன். “தேவலைங்கிறது வேற, மூணு பேருக்குப் போதும்கிறது வேற. அவளை வரவழைச்சு அரை வயிறு போடவா?” என்றாள்.

கட்டடச் சொந்தக்காரரும் நேற்று வந்து போனார். வருஷக் கடைசியோடு கடையைக் காலி செய்கிறோமா, தொடர்கிறோமா என்று இம்மாதமே தெரிய வேண்டுமாம். கண்ணாடிக்கடைக்காரர்கள் சாமான் போட்டு வைக்க இந்த இடத்தைக் கேட்கிறார்களாம்.

இதற்கு நடுவிலும் அவள் பதிவு போடுவதை நிறுத்தவில்லை. டாக்ஸிக்காரர் ஒருத்தரின் வெள்ளைச் சட்டையில் வார்னிஷ். பிள்ளைக்குத் தொட்டில் செய்து பூசிவிட்டு, காய்வதற்குள் அதன்மேலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறார். ஐந்தாறு விதமாகப் பார்த்தாயிற்று, போக மாட்டேன் என்கிறது. “போகலைன்னு வெளியில சொல்லிக்காதே, இருக்கிற நாலு பேரும் போயிடுவாங்க”னு சொன்னேன். கேட்கிற ஆளா?

நீ கொஞ்சம் பொறு. கையெழுத்துப் போட்டுவிடாதே.

அண்ணன்

&nbsp;

கடை
அக்டோபர் 14

என் அன்புள்ள வாண்டுக்கு,

நலமாக இருக்கிறேன். உன்னை இத்தனை நாள் தவிக்கவிட்டேன், என்னை நாலு வார்த்தை திட்டிக்கொள். இப்போதுதான் எழுதக் கை வந்தது.

அந்த வார்னிஷ் கதையை உன் அண்ணன் எழுதியிருப்பார். எழுதுகிறாரே, எனக்குத் தெரியாதா? ஜூன் மாதம் வீடு முழுக்கப் பேனா தேடினார். கஞ்சித் தொட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் பேனா தேடி நான் பார்த்ததில்லை.

கறை போகவில்லை வாண்டு. ‘அன்புள்ள டாக்ஸிக்காரருக்கு, குழந்தையும் தாயும் நலமா? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தோம். இதற்கு மேல் தேய்த்தால் துணி கிழியும். தோற்றுப்போனோம், மன்னிக்கவும். கூலி வேண்டாம்’ என்று எழுதிப் படத்தையும் போட்டேன். அவர், ‘போக வேண்டாம் அக்கா. பிள்ளை பெரியவன் ஆனதும், உன் தொட்டிலில் நான்தான் முதலில் தூங்கினேன் என்று காட்டுவேன்’ என்று பதில் போட்டார். அவ்வளவுதான், பக்கம் தாங்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் போகாத கறையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பாட்டு டீச்சர் ஒருத்தர், மேடையில் அழுத கண் மையைத் துடைத்த துண்டை அனுப்பியிருக்கிறார். வெளுக்க வேண்டாமாம், சும்மா பார்க்கவாம்.

போன திங்கட்கிழமை ஒரு அம்மா கடைக்குள் வந்தார். ஆற்றோரம் புதிதாகத் திறந்திருக்கிற தங்கும் விடுதியின் மேலாளர். கல்லாவில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தோத்துட்டோம்னு எழுதினது நீங்கதானா?” என்று கேட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உன் அண்ணன் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “தப்பு இருந்தா மன்னிச்சிருங்கம்மா” என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். “எதிர்க்கடையில கேட்டேன், எல்லாக் கறையும் போகும்னாங்க. எல்லாம் போகும்னு சொல்றவங்களைக் கண்டா எனக்கு பயம். போகலைன்னா போகலைன்னு சொல்ல எனக்கு ஆள் வேணும்” என்றார். விடுதியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, சமையல்காரர்கள் மேலங்கி, எல்லாம் இனி நம்மிடம்தான். தினமும் வண்டி வரும். உன் அண்ணன் அன்று முழுக்க இஸ்திரி போட்ட துணிக்கே மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கட்டடக்காரரிடம் தொடர்கிறோம் என்று சொல்லிவிட்டோம்.

ஆகவே இப்போது வாய் நிறைய எழுதுகிறேன். வா. கடை மூன்று பேருக்குத் தாங்கும். தாங்கும் என்ன, மூன்று பேர் இல்லாவிட்டால் முடியாது, விரிப்பு மலையாகக் குவிகிறது. அந்தப் பெரிய வேலை உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாக இரு, நான் சந்தோஷமாகவே இருப்பேன். ஆனால் எனக்காகவோ கடைக்காகவோ அங்கே இருக்காதே. உன் மூலையில் நான் துணிமூட்டைகூட வைப்பதில்லை.

இன்னொன்று. பழைய பக்கம் போனதும் அதற்குப் பதில் இது முளைத்ததும் உனக்குத் தெரியும் என்று எனக்கு ஜூலை மாதமே தெரியும். உன் இரண்டாவது கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை பேர் என்று ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஏறினால் எத்தனை பேர் ஏறினார்கள், சினிமாவுக்குப் போனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற பெண் நீ. நீ மறப்பாயா? உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்று வருஷ உழைப்பைக் கஞ்சியில் போட்டவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்கு யோசனையும் சொல்லி எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு நான் பயந்து நடத்தவில்லை வாண்டு, சந்தோஷமாக நடத்தினேன். நீ கேட்காமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி, நன்றி என்று நூறு தடவை எழுதியதாக வைத்துக்கொள்.

இப்போது தைரியமாகக் கேள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேள். சொல்லுகிறேன்.

உன்,
அண்ணி

&nbsp;

முகாம்
அக்டோபர் 23

அண்ணி,

நான் நலம், நீங்கள் நலம், அண்ணன் நலம், முட்டி நலம், விடுதியின் விரிப்பெல்லாம் நலம். இன்றைக்கு எனக்கு எல்லாமே நலம்தான்.

உங்கள் கடிதத்தைக் கிடங்கு வாசலில் பூட்ஸ் குவியல்மேல் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு நேரே போய், நிரந்தர வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி, “அங்கே இதைவிடப் பெரிய வேலையா?” என்று கேட்டார். “ஆமா சார், தலையணை உறை மடிக்கணும்” என்றேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நர்ஸ் பகலில் அழுதாள். நம் கடைக்கு வந்தால் அவளுடைய வெள்ளை உடுப்பெல்லாம் இலவசம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் காப்பாற்ற வேண்டும்.

நன்றி சொன்னீர்கள். அது எனக்குச் சேராது அண்ணி. கல்யாணம் நின்றுபோய் நான் உங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னிடம் காரணம் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், துணி வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். கல்லாவில் நின்று எல்லோரையும் “இது எப்படி ஆச்சு?” என்று கேட்கிற நீங்கள் மட்டும் என்னைக் கேட்கவில்லை. “பெட்டி சூடா இருக்கு, வா” என்று கூப்பிட்டு, ஒரு சட்டையை என் முன்னால் போட்டீர்கள். இன்றுவரை கேட்கவில்லை. அதனால்தான் நான் அன்றைக்கு நிமிர்ந்து நின்றேன். உங்களுக்கு நான் செய்தது அதில் கால்வாசி இருக்குமா?

இந்த வார லாரியில் கடிதம் வரும், அடுத்த வார வெள்ளிக்கிழமை லாரியில் நானே கிளம்பிவிடுகிறேன். சனிக்கிழமை மதியம் கடையில் இருப்பேன். அண்ணனை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப வேண்டாம், இஸ்திரி நின்றுபோகும்.

எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னீர்கள். கேட்க மாட்டேன். சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போது கடையில் இரண்டு பேர் இருப்பீர்கள், எனக்கு அந்தக் கணக்குப் போதும்.

உங்கள்,
வாண்டு